சார்த்ர் பேராலயத்தின் சுவர் ஏன் வெளுத்தது?

2019 ஏப்ரலில் தீப்பிடித்த பாரிஸ் நோத்ர் தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோது, உள்ளே எடுத்த படங்களைப் பார்த்த பலருக்கும் ஒரே சந்தேகம்தான் வந்தது: இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, பெயின்ட் அடித்துவிட்டார்களா? பாரிஸில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. ஒருவகை ரப்பர் பாலைச் சுவரில் பூசி, காய்ந்ததும் தோலை உரிப்பதுபோல உரித்து எடுத்தார்கள். புகையும் தூசும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட, கல்லின் சொந்த நிறம் வெளியே தெரிந்தது.

ஆனால் இந்தச் சந்தேகத்தை நியாயமாகவே கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள சார்த்ர். அங்கே சுவரில் உண்மையிலேயே பூச்சு பூசியிருக்கிறார்கள். 2009 வாக்கில் தொடங்கிய அந்த வேலையைப் பற்றிக் கலை வரலாற்று ஆய்வாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பல வருடம் சண்டை போட்டார்கள். ஒரு பக்கம் "800 வருட அழகை அழித்துவிட்டார்கள்" என்கிறது, மறுபக்கம் "800 வருடத்துக்கு முன்பிருந்ததை மீட்டிருக்கிறார்கள்" என்கிறது. படித்துவிட்டுப் போகிறவர்கள் குழம்பிப்போய் நிற்பது இயல்புதான். அடிப்படையிலிருந்து பார்த்தால் இரண்டு பேச்சிலும் எது உண்மை, எது மிகை என்பது பிடிபடும்.

முதலில் கட்டடம்

இப்போது நிற்கும் சார்த்ர் பேராலயத்தின் பெரும்பகுதி 1194 ஜூனில் நடந்த ஒரு தீவிபத்துக்குப் பிறகு எழுந்தது. அதற்கு முன் அங்கே இருந்த கோயில், 1020இல் எரிந்த இன்னொரு கோயிலுக்குப் பதிலாக ஆயர் ஃபுல்பேர் கட்டத் தொடங்கியது. அவர் காலத்து நிலவறை இன்றும் அடியில் அப்படியே இருக்கிறது, பிரான்சிலேயே மிகப் பெரிய நிலவறைகளில் ஒன்று. மேற்கு முகப்பும், அதிலுள்ள மூன்று வாசல்களும், அவற்றுக்கு மேலே உள்ள மூன்று நீளமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும்கூட 1194 தீயில் தப்பியவைதான். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை.

அந்தத் தீயில் ஊர்க்காரர்கள் கோயிலைவிட இன்னொன்றை நினைத்துத்தான் அதிகம் அழுதார்கள். மாதா உடுத்தியதாக நம்பப்பட்ட ஒரு துணி அங்கே திருப்பண்டமாக இருந்தது, 876இல் சார்ல் மன்னர் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதுவும் எரிந்துவிட்டது என்று ஊரே இடிந்துபோயிருந்தபோது, நிலவறையில் ஒளிந்திருந்த குருக்கள் மூன்று நாள் கழித்து அதை முழுசாக வெளியே எடுத்து வந்தார்கள் என்பது அக்காலப் பதிவு. இதைவிடப் பெரிய கோயில் வேண்டும் என்று மாதாவே நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். பணமும் வண்டிவண்டியாகக் கல்லும் வந்தன, கல் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெர்ஷேர் கல்குவாரியிலிருந்து. சுமார் 30 வருடத்தில் கூரை மூடியாகிவிட்டது. 130 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரக் கல் வளைகூரை. 1260இல் அரசர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் அர்ச்சிப்பு நடந்தது.

இவ்வளவு வேகமாகக் கட்டி முடித்ததால்தான் கட்டடம் முழுக்க ஒரே பாணியில் இருக்கிறது. மற்ற ஊர்ப் பேராலயங்கள் பலவற்றில் மூன்று நான்கு நூற்றாண்டு வேலை கலந்து கிடக்கும். இங்கே கோபுரங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது: தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டின் எளிமையான 105 மீட்டர் கூம்பு, வடக்குக் கோபுரத்தின் உச்சி 1506இல் மின்னல் தாக்கியதற்குப் பிறகு ழான் த போஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய, பூ வேலைப்பாடு நிறைந்த சுமார் 113 மீட்டர் உச்சி.

கண்ணாடிகள்தான் அதன் பெரிய சொத்து. 176 ஜன்னல்கள், சுமார் 2,600 சதுர மீட்டர் கண்ணாடி, அதில் பெரும்பகுதி 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்தது. 1836இல் கூரை மரம் முழுவதும் எரிந்தபோது கல் வளைகூரை தாங்கிக்கொண்டது, அதனால் கண்ணாடிகள் பிழைத்தன (இன்று மேலே இருப்பது இரும்புச் சட்டமும் அதன்மேல் பச்சை பூத்த செப்புத் தகடும்). இரண்டு உலகப்போரிலும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, போர் முடிந்ததும் திரும்ப மாட்டினார்கள். அத்தனை கைகளின் கவனத்தால்தான் அவை இன்றைக்கு நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன.

அப்போ கறுப்பு எங்கிருந்து வந்தது

20ஆம் நூற்றாண்டில் சார்த்ர் போனவர்கள் எல்லோரும் எழுதியது ஒரே மாதிரி இருக்கும்: வெளியே வெயில், உள்ளே நுழைந்ததும் குகை போன்ற இருட்டு, அந்த இருட்டில் தொங்கும் நீலமும் சிவப்பும். உலகத்துக்கே சார்த்ர் என்றால் அந்த இருட்டுதான். அந்த இருட்டு உருவான விதம் இது.

1. நூற்றாண்டுக்கணக்கில் எரிந்த மெழுகுத்திரி, எண்ணெய் விளக்கு, சாம்பிராணிப் புகை. திருப்பயணிகள் கூட்டம் அதிகமான கோயில் என்பதால் புகையும் அதிகம்.

2. பிற்காலத்தில் குளிருக்காக வைத்த எண்ணெய் எரிக்கும் வெப்பச் சாதனம். அதன் சூடான காற்று கரியைத் தூக்கிக்கொண்டு நேராக மேலே போய்க் குளிர்ந்த வளைகூரையில் ஒட்டவைக்கும்.

3. கண்ணாடியின் மேலேயே படிந்த அழுக்கும் அரிப்பும். இது தனிக் கதை. 12ஆம் நூற்றாண்டு நீலக் கண்ணாடியில் சோடா அதிகம், அதனால் அது அரிப்புக்குத் தாக்குப்பிடித்தது. பொட்டாஷ் கலந்து செய்த மற்ற நிறங்கள் மழையிலும் ஈரத்திலும் அரித்துப் புள்ளி புள்ளியாக மங்கின. சார்த்ர் நீலம் என்று புகழ்பெற்ற அந்த நிறம் மற்றவற்றைவிடத் தனித்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, இருட்டில் ஒரு பங்கு திட்டமிட்டது. அடர் நிறக் கண்ணாடி போட்டால் உள்ளே வெளிச்சம் குறையும் என்று கட்டியவர்களுக்குத் தெரியாதா என்ன? மீதிப் பங்கு கரி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் வழியில்லாமல் இருந்தது, சாரம் கட்டிச் சுவரைத் தொட்டுப் பார்க்கும் வரை.

சுவரைத் தொட்டபோது தெரிந்தது

கரிக்கு அடியில் வெறும் கல் இல்லை. சுண்ணாம்பில் காவி மண் கலந்த, வெளிர் மஞ்சளும் பழுப்புமான ஒரு பூச்சு இருந்தது. அதன்மேல் வெள்ளைக் கோடுகளால் கல் அடுக்கு வரைந்திருந்தது. இந்தக் கோடுகள் நிஜமான கல் இணைப்புகளோடு பொருந்தவே இல்லை. உள்ளே இருக்கும் கற்கள் ஒழுங்கற்ற அளவில் இருக்க, அவற்றை மறைத்து, சீரான அளவுள்ள கற்களால் கட்டியதுபோன்ற தோற்றத்தை வண்ணத்தால் கொடுத்திருக்கிறார்கள். காலம் 13ஆம் நூற்றாண்டு, அதாவது கட்டி முடித்த கையோடு பூசியது.

பழைய கோயில் என்றால் வெறும் கல் என்ற நம் எண்ணத்தை இந்த இடத்தில்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் கல்லைப் பூசாமல் விடுவது வேலையைப் பாதியில் விட்டதுபோலத்தான் இருந்தது. வாசல் சிற்பங்களுக்கும் உடை, முகம், முடி என்று வண்ணம் தீட்டினார்கள். வெறுங்கல்லை அழகாகப் பார்க்கும் பழக்கம் மிகப் பிற்பட்டது.

வேலை பீடப் பகுதியில் தொடங்கி, நடுக்கூடம், அப்புறம் குறுக்குக் கைகள் (சிலுவை வடிவக் கட்டடத்தின் இரு பக்கப் பகுதிகள்) என்று பல வருடமாகக் கட்டம் கட்டமாக நடந்தது. செய்தது மூன்று வேலை: கரியை எடுத்தார்கள், பழைய பூச்சு தங்கியிருந்த இடத்தில் அதை உறுதிப்படுத்தினார்கள், உதிர்ந்துபோன இடத்தில் அதே நிறத்தில் புதுச் சுண்ணாம்புப் பூச்சைப் பூசி நிரப்பினார்கள். சண்டை முழுக்க இந்த மூன்றாவது வேலையைப் பற்றியதுதான். ஆகவே "மொத்தமும் புதுப் பெயின்ட்" என்பதும் தவறு, "சுத்தம் மட்டும்தான் செய்தோம்" என்பதும் தவறு.

யார் முடிவெடுத்தது

திருச்சபை இல்லை. 1905 டிசம்பரில் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் கொண்டுவந்தபோது, அதுவரை இருந்த பேராலயங்கள் அரசின் சொத்தாக நின்றன, கத்தோலிக்கர்கள் அவற்றில் கட்டணமில்லாமல் வழிபடலாம். அதனால் சார்த்ரின் கூரை ஒழுகினாலும் சுவர் கறுத்தாலும் பொறுப்பு கலாச்சார அமைச்சகத்துடையது. அதற்கென்று நியமித்த வரலாற்றுச் சின்னங்களின் தலைமைக் கட்டடக் கலைஞர் திட்டம் போடுவார், நிபுணர் குழு பார்க்கும். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே யுனெஸ்கோ வந்து வேலையை நிறுத்திவிட முடியாது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டா

உண்டு. 2014 டிசம்பரில் அமெரிக்கக் கட்டடக்கலை விமர்சகர் மார்ட்டின் ஃபில்லர் கடுமையாக எழுதியதும்தான் விஷயம் உலகச் செய்தியானது. இடைக்கால வண்ணக் கண்ணாடியிலும் கையெழுத்துப் படிகளிலும் வாழ்நாள் ஆய்வு செய்த மேடலின் கேவினஸ், ஜெஃப்ரி ஹாம்பர்கர் இருவரும் வேலையை ஆதரித்துப் பதில் எழுதினார்கள். இரண்டு தரப்பின் வாதங்களையும் நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கண்ணின் வாதம். நான்கில் கனமானது இதுதான். இருட்டறையில் நுழைந்ததும் கண்மணி சில நொடியில் விரியும், ஆனால் விழித்திரை முழுசாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கறுத்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், பழகிய கண்ணுக்கு ஜன்னல் மட்டும் கனலும். வெளிர் சுவர் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் வெளிச்சம் கூடக்கூட, ஜன்னல் அதே அளவு ஒளியை விட்டாலும் மங்கியதாகத் தெரியும். இது வெறும் ரசனை வேறுபாடு கிடையாது, கண் வேலை செய்யும் விதம் அப்படி. ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில்: கண்ணாடியையும் சேர்த்துச் சுத்தம் செய்து, வெளிப்பக்கம் பாதுகாப்புக் கண்ணாடி பொருத்தியிருப்பதால் ஜன்னலின் ஒளியும் கூடியிருக்கிறது, கட்டியவர்கள் நினைத்தது வெளிர் சுவரும் அடர் கண்ணாடியும் சேர்ந்த கணக்கைத்தான். அந்தப் பதிலும் சரிதான். ஆனால் மின்விளக்கை முழுசாகப் போட்டுவிட்டால் இரண்டு கணக்கும் கெட்டுவிடும், 1260இல் மின்விளக்கு இல்லையே.

2. காலத்தின் வாதம். எந்த ஆண்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. 13ஆம் நூற்றாண்டுச் சுவர் நிறத்துக்குக் கீழே, பீடத்தைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் செய்த போலிப் பளிங்கு அப்படியே இருக்கிறது, அதையும் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். நடுக்கூடத்தையும் பீடப் பகுதியையும் பிரித்து நின்ற சிற்பத் தடுப்பை 1763இல் குருக்களே இடித்துப்போட்டார்கள், அது திரும்ப வரப்போவதில்லை. பீடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று அதே நூற்றாண்டில் சில வண்ணக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு வெறுங்கண்ணாடி போட்டதும் நடந்தது. இன்று கண்ணுக்குத் தெரியும் கலவை எந்த நூற்றாண்டிலும் இருந்ததில்லை. இது உண்மை.

3. விதியின் வாதம். பழைய கட்டடங்களைப் பாதுகாத்துப் புதுப்பிப்பது பற்றி 1964இல் எழுதிய வெனிஸ் சாசனம்தான் இந்தத் துறைக்கு வேதம் மாதிரி. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும், எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்கிறது. எதிர்ப்பவர்கள் இதைக் காட்டுகிறார்கள். ஆனால் சுவர் நிறம் ஊகத்தில் வந்ததில்லை, அடியில் ஆதாரம் கிடைத்த பிறகே பூசியிருக்கிறார்கள். கரியை ஒரு காலத்தின் பங்களிப்பு என்று சொல்வதும் கொஞ்சம் அதிகப்படி.

4. திரும்ப முடியாமை. சுண்ணாம்புப் பூச்சை நாளை வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். எடுத்த கரியைத் திரும்ப வைக்க முடியாது. நூற்றாண்டுகள் சேர்ந்து உருவாக்கிய அந்த இருட்டு இனி யாருக்கும் கிடைக்காது, அதைப் பார்த்தவர்களின் வருத்தத்தைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் எடைபோட்டால், சுவர் விஷயத்தில் செய்தது சரி. ஆதாரம் இருந்தது, பூசிய பொருளும் பழைய பொருளேதான், கட்டியவர்களின் எண்ணம் முதல்முறையாகத் தெரிகிறது.

ஆனால் மாதாவின் முகம்

அதே பேராலயத்தில் தூண் மாதா என்று ஒரு மரச் சொரூபம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. முகமும் கைகளும் கறுத்திருந்ததால் கறுப்பு மாதா என்று பேர் பெற்று, அந்தப் பேரோடுதான் தலைமுறை தலைமுறையாக மக்கள் முன்னால் மண்டியிட்டார்கள். சீரமைப்பில் அதன் கறுப்பும் போய், வெளிர் முகமும் வண்ண உடையுமாக ஆகிவிட்டது. அடியில் வண்ணம் இருந்தது என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். சுவருக்குச் சொன்ன அதே நியாயம்தானே என்று தோன்றலாம். இல்லை. சுவரின் கரியை யாரும் வணங்கவில்லை. சொரூபத்தின் கறுப்பை வணங்கினார்கள், அதற்குப் பேர் வைத்தார்கள். செய்தவன் தீட்டிய முகம் ஒன்று, வணங்கியவர்கள் அறிந்த முகம் ஒன்று என்று ஆன பிறகு, முதலாவதுதான் உண்மை என்று ஒரு பட்டறையில் முடிவெடுப்பது தவறு. ஆய்வுக்கு ஒரு பிரதியில் வண்ணம் தீட்டிக் காட்டியிருந்தால் போதுமே.

ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்

சார்த்ரைச் சுற்றியிருப்பது போஸ் சமவெளி, கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை. பேராலயத்தை நிர்வகித்த குருக்கள் குழுவுக்கு அந்த நிலத்தின் வருமானம் வந்தது. தானியம் சேர்த்த அவர்களின் 13ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, இன்று அதில்தான் வண்ணக் கண்ணாடி மையம் இயங்குகிறது. மாதாவின் திருநாட்களில் பேராலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். ஜன்னல்களின் அடியில் பாருங்கள்: ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், தச்சர், தோல் ஆடை விற்பவர் என்று ஊர்த் தொழிலாளிகள் இருக்கிறார்கள். நோவாவின் கதை சொல்லும் ஜன்னலுக்கு அடியில் தச்சர்கள் வேலை செய்வது எவ்வளவு பொருத்தம்! இவர்கள் சங்கம் சேர்ந்து பணம் கொடுத்தார்கள் என்பது பழைய விளக்கம். இவர்களை அப்படிக் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்ததே குருக்கள்தான் என்று பிற்கால ஆய்வு சந்தேகப்படுகிறது, ஏனென்றால் ஊருக்கும் குருக்களுக்கும் அவ்வளவு இணக்கம் இல்லை, 1210இல் ஊர்க்காரர்கள் திரண்டு குருக்களின் தலைவர் வீட்டைத் தாக்கியிருக்கிறார்கள்.

மேலூரிலிருந்து படி இறங்கினால் யூர் ஆறு, பழைய தோல் பதனிடுவோரும் ஆலைக்காரர்களும் இருந்த கீழூர், துணி துவைக்கும் படித்துறைகள், சின்னச் சின்னக் கல் பாலங்கள். பலர் பேராலயத்தைப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. வெளிச்சப் பிரச்சினைக்கு வேறு இரண்டு பதில்கள் கீழூரிலும் அதற்குப் போகும் வழியிலும்தான் இருக்கின்றன. கீழே உள்ள புனித பேதுரு ஆலயத்தில், அடர் வண்ணக் கண்ணாடிக்கும் நிறமற்ற வெளிர் கண்ணாடிக்கும் மாற்றி மாற்றி இடம் கொடுத்து வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள், பேராலயத்துக்கு ஒன்றிரண்டு தலைமுறை பிந்திய யோசனை. வழியில் உள்ள புனித எய்ஞான் ஆலயத்தின் உள்ளே 19ஆம் நூற்றாண்டில் தூண், சுவர், மரக்கூரை எல்லாவற்றுக்கும் வண்ணக்கோலம் தீட்டியிருக்கிறார்கள். பேராலயத்தில் ஆதாரத்தை வைத்துப் பூசினார்கள், இங்கே கற்பனையில் பூசியிருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் வெனிஸ் சாசனம் எதைத் தடுக்க நினைத்தது என்று யாரும் விளக்கவே தேவையில்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். கோதுமை வயலுக்கு நடுவே இரண்டு கோபுரமும் தூரத்திலேயே தெரிய ஆரம்பிக்கும்.

1. நுழைந்ததும் படம் எடுக்க வேண்டாம். கைபேசித் திரை கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள், ஜன்னல்கள் தானாகக் கூடிவரும்.

2. மேற்கு ஜன்னல்களுக்குப் பிற்பகல்தான் நேரம். வடக்கு வட்ட ஜன்னலில் நேர்வெயில் படாததால் எந்நேரமும் ஒரே நிதானமான நீலம்.

3. தரையில் உள்ள சுழல்பாதை சுமார் 13 மீட்டர் அகலம், நடக்கும் நீளம் 260 மீட்டருக்குச் சற்று மேல். அதன்மேல் நாற்காலி போட்டிருப்பார்கள். தவக்காலம் முதல் இலையுதிர் காலம் வரை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவது வழக்கம்.

4. ஒரு சின்ன தொலைநோக்கி கையில் இருக்கட்டும். வளைகூரையிலும் உயரச் சுவர்களிலும் அந்த வெள்ளைக் கோடுகள் தெரியும்.

5. பீடத்தைச் சுற்றும் நடையில், தெற்குப் பக்கம், அழகிய ஜன்னல் மாதா என்று ஒரு கண்ணாடி. நடுவில் வெளிர் நீல உடையில் சிவப்புப் பின்னணியில் இருக்கும் மாதா, 1194 தீயில் தப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. சுற்றிலும் உள்ள வானதூதர்கள், தீக்குப் பிறகு கட்டிய பெரிய ஜன்னலுக்கு அது சின்னதாகப் போனதால் 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். இரண்டு நீலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நடுவிலுள்ளது வெளிறியது, ஓரத்திலுள்ளது அடர்ந்தது. பழைய மாதாவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்வது அவர்களுக்குச் சுலபமாகவே இருந்திருக்கும்.